ஃபேனுக்கு அந்தாண்ட

நைனார்பாளையத்திலிருந்து மேற்கே நாலு கிலோமீட்டர் போனால் வலது கைப்பக்கம் குகை மாதிரி கட்டிய ஒரு மாதா கெபி இருக்கும். அதை ஒட்டி இறங்கும் வண்டித்தடத்தின் கடைசியில் இரண்டு வீடுகள். ஒன்று அண்ணன் ஆரோக்கியதாஸ் வீடு, இன்னொன்று தம்பி லாரன்ஸ் வீடு. கோழிக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தபோது வாரத்துக்கு இரண்டு நாள் லாரன்ஸ் வீட்டுக்குப் போவேன். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி கொடுக்கும். ஷெட்டும் உழைப்பும் வளர்க்கிறவருடையது. கோழி ஒழுங்காக எடை ஏறுகிறதா, சீக்கு எதுவும் வந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அப்படி இருபத்திரண்டு ஷெட்டுகள் என் பொறுப்பில் இருந்தன. மற்ற இருபத்தொன்றிலும் குடிக்கத் தண்ணீர் கொடுப்பார்கள். இந்த வீட்டில் சாப்பிடாமல் வண்டியை எடுக்க முடியாது.

சாப்பாடு போடுவது லாரன்ஸின் தாயார் பாக்கியம் அம்மா. வெயில் காலம் என்றால் கம்பங்கூழும் மோர் மிளகாயும், ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு மீதி இருந்தால் அதுவும். காலையும் ராத்திரியும் சின்னவன் வீட்டில், மத்தியானம் பெரியவன் வீட்டில் என்று அந்த அம்மா தனக்கு ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். மகன்கள் இருவரும் பேச்சை நிறுத்தி ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இந்த வீட்டுக் குழம்பு அந்த வீட்டுக்கும், அந்த வீட்டுக் கீரை இந்த வீட்டுக்கும் அவர் கையிலிருந்த தூக்குச் சட்டியில் போய் வந்துகொண்டிருந்தன. சாப்பிடுகிறவர்கள் எது எங்கே வெந்தது என்று கேட்டதில்லை.

பேச்சு நின்றதற்குக் காரணம் அந்தக் கோழி ஷெட்தான்.

லாரன்ஸின் மனைவி ஷைனி கள்ளக்குறிச்சியில் வளர்ந்தவள். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்துவிட்டு சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். கொரோனாவுக்குப் பிறகு வேலை வீட்டிலிருந்தே என்றாகிவிட்டது. கார் ரேடியேட்டருக்குள் காற்று எப்படிப் போகும், பம்புக்குள் தண்ணீர் எங்கே சுழலும் என்பதையெல்லாம் இரும்பில் வார்ப்பதற்கு முன்பே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்கிற வேலை. லாரன்ஸ் கோழி ஷெட் போடப்போகிறேன் என்றதும் அவள்தான் அதையும் கம்ப்யூட்டரில் கட்டினாள். இருநூற்று இருபது அடி நீளம், முப்பது அடி அகலம். மேற்குக் கோடியில் தேன்கூடு மாதிரி ஓட்டை போட்ட அட்டையில் தண்ணீர் வழியும் கூலிங் பேடு, கிழக்குக் கோடியில் ஆள் உயரத்துக்கு ஐந்து பெரிய ஃபேன். ஃபேன் காற்றை வெளியே தள்ளும். அந்த இழுப்பில் மேற்கிலிருந்து ஈரக்காற்று பேடு வழியாக உள்ளே வந்து ஏழாயிரம் கோழிகளின் மேலும் ஓடிப் போகும். கோடையில் மத்தியானக் காற்று கல்ராயன் மலைப் பக்கமிருந்து வருவதால் பேடு மேற்கே இருப்பதுதான் சரி என்று கணக்குப் போட்டதும் அவளே.

கிழக்குச் சுவருக்கு அடுத்து ஐந்தடியில் வரப்பு. வரப்புக்கு அந்தாண்ட ஆரோக்கியதாஸின் நிலம்.

அஸ்திவாரம் தோண்டும்போதே அவர் வந்து, ஃபேனை வேறு பக்கம் வை, இல்லாவிட்டால் ஷெட்டை இருபதடி உள்ளே தள்ளிக் கட்டு என்று சொல்லியிருக்கிறார். என் நிலத்தில் நான் எங்கே வேண்டுமானாலும் கட்டுவேன் என்று லாரன்ஸ் சொல்லியிருக்கிறான். அவன் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. கோழிகளைக்கூட 'வாங்க, தள்ளுங்க' என்று மரியாதை கொடுத்துப் பேசுகிறவன். அன்றைக்கு ஏதோ வாயில் வந்துவிட்டது. வந்தது வந்ததுதான்.

முதல் கோடையை ஷெட் நன்றாகத் தாண்டியது. என் இருபத்திரண்டில் அதுதான் முதலாவது. அடுத்த வருஷம் மே மாசத்தில்தான் சாவு ஆரம்பித்தது.

கோழிக்கு அன்று முப்பத்திரண்டாவது நாள். மத்தியானம் இரண்டு மணிக்கு லாரன்ஸ் போன் செய்தான். நான் போய்ச் சேர்வதற்குள் எழுபது செத்திருந்தன. எல்லாம் ஃபேன் பக்கத்துக் கோடியில். மீதியெல்லாம் வாயைப் பிளந்து, இறக்கையை விரித்துக்கொண்டு மூச்சிரைத்தன. அறுத்துப் பார்த்தேன். சீக்கு எதுவும் இல்லை. வெக்கைதான். ஐந்து ஃபேனும் ஓடுகிறது, பேடில் தண்ணீர் வழிகிறது, ஆனால் அந்தக் கோடியில் நின்றால் அடுப்பங்கரையில் நிற்கிற மாதிரி இருந்தது. மறுநாள் நூற்றுப் பத்து. லாரன்ஸ் செத்ததைத் தீவனச் சாக்கில் பொறுக்கிப் போட்டுக்கொண்டே வந்தவன் பாதியில் சாக்கைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டான். மீதியை நானும் ஷைனியும் பொறுக்கினோம்.

கோழியை முன்கூட்டியே பிடித்து லாரியில் ஏற்றிவிடலாமா என்று ஆபீஸில் கேட்டேன். எல்லா ஊரிலும் இதே வெயில், எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள், நாற்பதாம் நாளுக்கு முன் லாரி கிடையாது என்றார்கள். இன்னும் ஒரு வாரம் இருந்தது.

ஷைனி சென்னைக் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு ஷெட்டுக்குள் இறங்கினாள். காற்று வேகம் பார்க்கும் கையடக்கக் கருவி ஒன்று என்னிடம் இருந்தது. கம்ப்யூட்டர் கணக்குப்படி கோழி உயரத்தில் நொடிக்கு இரண்டரை மீட்டர் வர வேண்டும். கருவி ஒன்றரைதான் காட்டியது. அந்த ஒரு மீட்டர் எங்கே போயிற்று என்பதுதான் கேள்வி.

பழைய கணக்கை எடுத்து மறுபடி ஓட்டினாள். அது அலுங்காமல் குலுங்காமல் மறுபடியும் இரண்டரை என்றே சொன்னது. கம்ப்யூட்டர் ஒரு குறையும் சொல்லாததுதான் அவளுக்குப் பயமாக இருந்திருக்கிறது. கணக்கு வெடித்துச் சிதறினால் எங்கே தப்பு என்று தேடலாம், இது சிரித்த முகமாகப் பொய் சொல்கிறது என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூழ் குடித்துக்கொண்டிருந்தபோது விளக்கினாள்.

"ஷெட்டுக்குள்ள நடக்குறத எல்லாம் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுக்கும் சார். ஆனா ஓரத்துல இன்னா நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது. காத்து எங்க உள்ள வருது, எங்க வெளிய போவுது, போற எடத்துல இன்னா இருக்குது, அத நாமதான் சொல்லணும். பவுண்டரி கண்டிஷன்னு சொல்லுவோம். அத ஒரு எடத்துல தப்பா சொல்லிட்டா, உள்ள இருக்குறது மொத்தமும் தப்பாப்பூடும். பாக்கறதுக்கு மட்டும் சரியாவே தெரியும்."

பாக்கியம் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, அப்படியானால் ஓரத்தையெல்லாம் ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிடு என்றார். அதைத்தான் செய்யப்போகிறேன் அத்தை என்றாள் ஷைனி.

முதலில் பேடு. அவர்கள் போர் தண்ணீர் உப்பு. பேடின் ஓட்டைகளில் உப்புக் காரை கட்டியிருந்தது. பேடு அடைத்திருந்தால் காற்று குறைவாகத்தான் வரும் என்று நானும் சொன்னேன். கம்ப்யூட்டரில் பேடின் தடையைக் கூட்டிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் காற்று ஒன்றரைக்கு இறங்கி, நேரில் அளந்ததோடு பொருந்திவிட்டது. லாரன்ஸும் அவளும் விடியற்காலையிலிருந்து பத்து மணி வரை பேடைக் கழற்றிக் கழுவினார்கள். அவன் கை முழுக்கக் காரை வெட்டியிருந்தது. அன்று மத்தியானம் கருவி ஒன்றரைக்கு மேல் ஒரு நூலளவுதான் ஏறியது. நூற்று நாற்பது கோழி செத்தது.

அடுத்து படுதா. ஷெட்டின் இரண்டு பக்கமும் தொங்கும் படுதாவில் கிழிசல் இருந்தால் பேடு வழியாக வர வேண்டிய காற்று குறுக்கு வழியில் வந்துவிடும். ஷைனி ஊதுவத்தி கொளுத்தி இருநூற்று இருபது அடியும் நடந்தாள். புகை எங்கே உள்பக்கம் வளைகிறதோ அங்கே லாரன்ஸ் சாக்கு வைத்துத் தைத்தான். ஃபேன் கோடிக்குப் பக்கத்தில் ஒரு கிழிசல் வழியாக வந்த காற்று சுடுகாற்றாக இருந்தது. அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஃபேன் பெல்ட்டுகளையும் பார்த்தோம். புதுசுதான், இறுக்கமாகத்தான் இருந்தன.

தேட ஆரம்பித்த மூன்றாம் நாள் காலையில் போனபோது அவள் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து அதில் கண்ணாடிக் குழாயை டேப் போட்டு ஒட்டியிருந்தாள். குழாய்க்குள் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து ஊற்றியிருந்தாள். குழாயின் ஒரு முனை ஷெட்டுக்குள், மறுமுனை பேடுக்கு வெளியே. ஃபேன் உள்ளே எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறதோ அவ்வளவுக்கு நீலம் பலகையில் மேலே ஏறும். பேடு அடைத்திருக்கிறது என்று கணக்கில் போட்டபோது நாலு விரற்கடை ஏற வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்லியிருந்தது. ஏறியது ஒரு விரற்கடைகூட இல்லை.

அவள் பலகை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நான் சுலபமாகக் கணக்கை ஒப்பேற்றிவிட்டேன் சார் என்றாள். ஒரு எண் பொருந்த வேண்டும் என்பதற்காகப் பேடைக் குற்றவாளியாக்கிவிட்டேன். பேடு அடைத்திருந்தால் ஃபேன் திணறி உறிஞ்சும், நீலம் ஏறும். இங்கே ஃபேன் உறிஞ்சவே இல்லை. தள்ள முடியாமல் நிற்கிறது.

சொல்லிவிட்டு எழுந்து, சொட்டு நீர்ப்பாசனக் குழாய்ச் சுருள் ஒன்றை எடுத்து வந்தாள். அதை ஷெட்டின் வெளிப்பக்கமாக மேற்கிலிருந்து கிழக்கு வரை இழுத்து, ஒரு முனையை ஃபேனுக்கு வெளியே சுவரோரம் கட்டினாள். பேடு பக்கத்து வெளிக்காற்றையும் ஃபேன் பக்கத்து வெளிக்காற்றையும் பலகையில் எதிரெதிராக நிறுத்தினாள். அவள் கணக்கில் அது இரண்டும் ஒன்று. இரண்டுமே திறந்த வெளி. நீலம் சமமாக நிற்க வேண்டும்.

ஃபேனைப் போட்டதும் நீலம் மூன்று விரற்கடை தள்ளிப் போய் நின்றது.

நான் அப்போதுதான் இறகுகளைப் பார்த்தேன். ஃபேன் வெளியே துப்புகிற வெள்ளை இறகெல்லாம் காற்றோடு தூரமாகப் போய் விழ வேண்டும். அவை சுவரோரமாகச் சுழன்று, மேலெழும்பி, ஷெட் கூரை மேல் விழுந்துகொண்டிருந்தன. சில பக்கவாட்டுப் படுதாவில் ஒட்டியிருந்தன. வெளியே போன சூடுதான் திரும்பி வந்து கிழிசல் வழியாக உள்ளே நுழைந்துகொண்டிருந்தது.

இருவரும் வரப்பைப் பார்த்தோம். வரப்புக்கு அந்தாண்ட ஆரோக்கியதாஸின் கரும்பு பத்து மாசப் பயிராகப் பன்னிரண்டு அடி உயரத்துக்குச் சுவர் மாதிரி நின்றது. காய்ந்த இலையான சோகை உரிக்கப்படாமல் அடிமுதல் நுனிவரை பின்னிக் கிடந்தது. போன கோடையில் அந்த இடத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, இருந்தது. முழங்காலுக்குக் கீழே நிற்கிற செடி. ஷைனி கம்ப்யூட்டரில் ஃபேனோடு உலகத்தை முடித்து, அதற்கப்புறம் வெறும் வெளி என்று எழுதியிருந்தாள்.

அன்று அவள் வரப்பைத் தாண்டி நாற்பதடி வரைக்கும் கணக்கில் சேர்த்தாள். கரும்பை ஒரு பெரிய பஞ்சுக் கட்டி மாதிரி வைத்தாள். ஓட்டினாள். காற்று ஒன்றரை. நீலம் மூன்று விரற்கடை. இரண்டும் ஒருசேரப் பொருந்தின. பிறகு கரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பார்த்தாள். வரப்பிலிருந்து இருபதடி எடுத்துவிட்டால் போதும், ஷெட் பழையபடி மூச்சு விடும்.

இதை லாரன்ஸிடம் சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது. அவன் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணன் வேண்டுமென்றேதான் கரும்பு வைத்தார் என்று ஊரில் ஏற்கெனவே பேச்சு இருந்தது. இப்போது கோழியைக் கொன்றதும் அந்தக் கரும்புதான் என்று தெரிந்தால் என்ன செய்வான் என்று சொல்ல முடியாது. காய்ந்த சோகைக்கு ஒரு தீக்குச்சி போதும். நீங்க கூட வாங்க சார், நான் முதலில் மாமாவைப் பார்க்கிறேன் என்றாள். கணவனின் அண்ணனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். கூப்பிட்டுத்தான் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

ஆரோக்கியதாஸ் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும், கெட்டியான உடம்பு. அவர் மனைவி நிர்மலா மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் அரிவாளோடு எழுந்து நின்றார். ஷைனி சுற்றி வளைக்கவில்லை.

"மாமா, கோழி சாவுறது ஒங்களுக்குத் தெரியும். தப்பு என்னுது. ஃபேன எங்க வைக்கணும்னு சொன்னவ நான். ஃபேனுக்கு அந்தாண்ட இன்னா இருக்குதுன்னு நான் பாக்கவே இல்ல. ஒண்ணுமே இல்லன்னு எழுதிட்டேன்."

அவர் மம்மட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "ஒண்ணுமே இல்லன்னா?"

"கம்ப்யூட்டர்ல. வரப்போட நிறுத்திட்டேன் மாமா."

அவர் கரும்புக்குள் நடந்தார். கொஞ்சதூரம் போய்த் திரும்பிப் பார்த்தார். அதற்கு வா என்று அர்த்தம் என்று எங்களுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. சோகை கையையும் கழுத்தையும் அறுத்தது. ஷெட் பக்கத்து ஓரத்துக்குப் போனதும் ஒரு சோகையைப் பிடித்து அவள் முன்னால் உதறினார். கோழிப் புழுதி கொட்டியது. கரும்பு ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. உள்ளே இறகு பஞ்சு மாதிரி படிந்து கிடந்தது. நாற்றம் மூச்சை அடைத்தது.

"போன வருசம் மல்லாட்டை வச்சேன். இந்தாண்ட முப்பதடி ஒரு காய் புடிக்கல. ராவும் பகலும் அனல்காத்து அடிச்சா பூ எங்க நிக்கும்? சரி, காத்தத் தாங்கிக்கினு நிக்கற பயிரா வைக்கலாம்னுதான் கரும்பு வச்சேன். ஊருல நான் வீம்புக்கு வச்சேன்னு பேசிக்கினு இருக்கானுங்க. சோகை உரிக்கப் பொம்பளயாளுங்களக் கூட்டியாந்தேன். ரெண்டு சால் உரிச்சாங்க. கண்ணெல்லாம் எரியுது, இந்தக் கொல்லைக்கு வரமாட்டோம்னு போய்ட்டாங்க. அதான் இப்பிடி அடைஞ்சிக் கெடக்குது."

ஷைனி அந்தப் புழுதி படிந்த சோகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இந்த ஷெட்டைப் பற்றி அவளுக்குத் தெரியாத அளவு எதுவும் இல்லை என்று நான் நினைத்திருந்தேன். ஷெட் வந்ததிலிருந்து அவள் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. கரும்பு இங்கே வந்ததே ஃபேனால்தான். ஃபேனை அடைப்பது கரும்பு. அவள் அழவில்லை. இதையெல்லாம் நான் வந்து பார்த்திருக்கணும் மாமா என்று மட்டும் சொன்னாள். பிறகு, இருபதடி வெட்டினால் கோழி பிழைக்கும் என்பதையும் சொன்னாள். அதைக் கேட்பதற்கு அவளுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது என்பது பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது.

கரும்பு ஆலைக்குப் பதிவு போட்டது, வெட்டு உத்தரவு ஜூலையில்தான் வரும் என்றார் ஆரோக்கியதாஸ். வெயில் ஏறுது, வூட்டுக்குப் போங்க என்று எங்களை அனுப்பிவிட்டார். அன்று நூற்று அறுபது செத்தது.

மறுநாள் எனக்கு வேறு ஊரில் வேலை. ஆனாலும் காலை ஏழு மணிக்கே இங்கே வந்துவிட்டேன். நான் வண்டியை நிறுத்தும்போது ஷெட்டின் கிழக்குப் பக்கம் வெட்டுச் சத்தம் கேட்டது. லாரன்ஸ் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தான். ஷைனி பின்னாலேயே வந்தாள்.

வரப்பை ஒட்டிய முதல் சால் கரும்பை ஆரோக்கியதாஸும் நிர்மலாவும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சின்னசேலத்தில் ஜூஸ் வண்டி வைத்திருக்கும் தமிழரசன் என்பவர் ஒரு மினி லாரியோடு தடத்தில் நின்றார். கோடையில் ஜூஸுக்குக் கரும்பு கிடைக்காமல் அலைகிறவர் அவர். சேதி கேட்டதும் இருட்டோடு கிளம்பி வந்திருக்கிறார். ஆலை பீல்டுமேனிடம், கோழிக்காற்றில் வீணான ஓரச் சால், ஆலைக்கு ஆகாது என்று ஆரோக்கியதாஸ் முந்தைய நாள் சாயந்திரமே போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

லாரன்ஸ் வரப்பின் இந்தப் பக்கம் நின்றான். என்ன நடக்கிறது என்று அவனுக்கு விளங்கவில்லை. ஷைனி அவனிடம், நான்தான் மாமாவை வெட்டச் சொல்லிக் கேட்டேன், நேற்று உங்களிடம் சொல்லாமல் போனேன் என்றாள். கோழி எதனால் செத்தது, கரும்பு எதனால் வந்தது என்பதையும் அங்கேயே நின்று சொன்னாள். அவன் அவளைப் பார்த்தான், கரும்பைப் பார்த்தான். மல்லாட்டை காய் பிடிக்காத கதை அவனுக்கும் புதுசு.

ஆரோக்கியதாஸ் தலை நிமிராமல் பொதுவாகச் சொன்னார்.

"கட்டுக் கட்ட ஆளில்ல."

லாரன்ஸ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பைத் தாண்டினான். கரும்பை அடுக்கி, கரும்பு நுனியின் கொழுந்தாடையை முறுக்கிக் கயிறாக்கி முதல் கட்டைக் கட்டினான். கட்டு தளர்வாக இருந்தது. அண்ணன் வந்து அதை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக் காட்டிவிட்டுத் திரும்ப வெட்டப் போனார்.

எனக்கு வேலை ஷெட்டுக்குள். ஷைனி கருவியை என் கையில் கொடுத்து ஃபேன் கோடியில் நிற்க வைத்தாள். வெளியே ஒவ்வொரு சாலாக விழ விழ நான் உள்ளேயிருந்து அளவைச் சொல்ல வேண்டும். அவள் வாசலில் நின்று அதை வெட்டுகிறவர்களுக்குக் கத்திச் சொல்ல வேண்டும். முதல் சாலுக்கு ஒன்றும் மாறவில்லை. மூன்றாவது சால் விழுந்தபோது ஒன்றே முக்கால். ஒன்பது மணிக்குப் பாக்கியம் அம்மா கூழ்ப்பானையை நேராகக் கரும்புக் கொல்லைக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒரே பானையிலிருந்து எல்லாருக்கும் ஊற்றினார். எனக்கு ஒரு சொம்பு ஷெட்டுக்குள் வந்தது.

பத்தரை மணிக்கு இரண்டு. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கோழிகள் வாயைப் பிளக்க ஆரம்பித்தன. அளவு கேட்டு வெளியிலிருந்து ஆரோக்கியதாஸின் குரலே நேராக வந்தது. "சார், இப்ப எவ்ளோ?" நான் சொன்னேன். வெட்டுச் சத்தம் வேகமானது. கொஞ்ச நேரத்தில் மூன்று கத்திகளின் சத்தம் மாறி மாறிக் கேட்டது. லாரன்ஸும் வெட்ட இறங்கிவிட்டான் என்று தெரிந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கருவி இரண்டே காலைத் தாண்டியது. ஃபேனின் தகட்டு இமைகள் அதுவரை பாதி மூடிக் கிடந்தவை முழுசாக மேலே தூக்கிக்கொண்டன. என் சட்டை முதுகோடு ஒட்டிப் படபடத்தது. பக்கத்தில் ஒரு கோழி வாயை மூடிக்கொண்டு எழுந்து தீவனத்தட்டுக்குப் போனது. நான் அந்த வேலையில் எத்தனையோ லட்சம் கோழி பார்த்திருக்கிறேன். அந்த ஒன்று நடந்து போனதை இன்னும் நினைவு வைத்திருக்கிறேன்.

போதும் மாமா, பதினாறு அடியிலேயே கோழிக்குத் தேவையான காற்று வந்துவிட்டது, வெயிலில் நிற்காதீர்கள் என்று ஷைனி போய்ச் சொன்னாள். அவர் கேட்கவில்லை.

"கம்ப்யூட்டர்ல இருவதுன்னு தான சொன்ன? அப்ப இருவது."

இருபதடியும் வெட்டிவிட்டுத்தான் கத்தியைக் கீழே வைத்தார்.

அன்று நாற்பத்தொரு டிகிரி. முப்பது கோழி செத்தது. மறுநாள் ஒன்பது. நாற்பதாம் நாள் லாரி வந்தபோது மீதி அத்தனையும் கூண்டில் ஏறின. பிடிக்கிற அன்றைக்கு ஆள் பற்றாமல் ஆரோக்கியதாஸும் இறங்கிக் கோழி பிடித்தார். காலைப் பிடிக்கத் தெரியாமல் இறக்கையைப் பிடித்தார். 'பாத்துண்ணா, இறக்க ஒடிஞ்சிடும்' என்றான் லாரன்ஸ். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவன் அண்ணனிடம் பேசியது அதுதான். இதையெல்லாம் முன்னாலயே சொல்றதுக்கு இன்னா என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே கையை மாற்றிப் பிடித்தார்.

அடுத்த குஞ்சு இறங்குவதற்கு நடுவில் பதினைந்து நாள் ஷெட் காலியாக இருந்தது. ஒருநாள் சாயந்திரம் நல்ல கோடை மழை பெய்து விட்டிருந்தது. மலைப்பக்கம் இன்னும் இருட்டாக இருந்தது. நான் கிருமிநாசினி டின் கொடுக்கப் போனபோது ஷைனியின் அறையில் எல்லாரும் இருந்தார்கள். ஆரோக்கியதாஸ் அவளுடைய சுழல் நாற்காலியில் அது சுழன்றுவிடாமல் காலை ஊன்றி உட்கார்ந்திருந்தார். லாரன்ஸ் சுவரோரம் நின்றான். நிர்மலா மலையிலிருந்து வந்த பலாப்பழத்தை நறுக்கிச் சுளைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

வெட்டின கட்டையில் கரும்பு மறுபடி துளிர்த்து ஒரு சாண் உயரம் வந்துவிட்டது. அதை அப்படியே விட்டால் அடுத்த கோடையில் பழைய கதைதான். அதனால் ஃபேனுக்கு வெளியே தகரத்தில் ஒரு தடுப்பு கட்டி, காற்றையும் புழுதியையும் வானத்தைப் பார்க்கத் திருப்பிவிட முடியுமா என்று ஷைனி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தகரத்தை எவ்வளவு சாய்த்தால் கோழிக்குக் காற்று குறையாது, எவ்வளவு சாய்த்தால் அங்கே மறுபடி வைக்கிற மல்லாட்டையில் பூ உதிராது என்று இரண்டையும் பார்க்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை திரையில் ஷெட் சின்னதாக இருந்தது. ஆரோக்கியதாஸின் நிலம் கடைசி வரப்பு வரைக்கும் இருந்தது.

அவர் திரையில் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். இது எந்த வரப்பு, இது கரும்பா, இங்கே நிற்பது தென்னையா. எல்லாவற்றுக்கும் அவள் பதில் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் மேலும் கீழும் தேடினார்.

"கெணறு எங்க?"

"கெணறு தரைக்குக் கீழ இருக்குது மாமா. காத்துக் கணக்குல அதுக்கு வேலை இல்ல."

"வேலை இல்லன்னாலும் கெணறு அங்கதான இருக்குது. போடு."

லாரன்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். ஷைனி திரைப் பக்கம் திரும்பினாள். கணக்கை நிறுத்தினாள். கிணறு எத்தனை அடி அகலம், கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம், வரப்பிலிருந்து எத்தனை தப்படி என்று கேட்டாள். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். நிலத்தின் வடக்கு மூலையில் ஒரு சின்ன வட்டம் வந்தது. அதற்காக, கணக்குக்கு நிலத்தைப் பிரித்து வைத்திருந்த எல்லாக் கட்டங்களையும் முதலிலிருந்து மறுபடி பின்ன வேண்டும், முக்கால் மணி நேரம் கூடுதலாகும் என்று பின்னால் என்னிடம் சொன்னாள். முடிவில் ஒரு எண்கூட மாறவில்லையாம்.

ஆரோக்கியதாஸ் குனிந்து வட்டத்தைப் பார்த்தார். சரியான மூலையில்தான் இருக்கிறதா என்று நிர்மலாவைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து ஒரு பலாச்சுளையை எடுத்துக்கொண்டார்.

"ம். இப்ப ஓட்டு" என்றார்.